புல்வெளியைக் கடந்த படகு

துறைமுகத்தில் அவளைக் காதுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். கடல் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுடைய வேலை கேட்பது. விரிகுடாவில் கடற்புல் மண்டிக் கிடக்கும் ஆழமில்லாத பகுதியில் ஆறு மைக்குகளைச் சிமெண்டுக் கட்டைகளில் கட்டி இறக்கியிருந்தார்கள். அவை ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை முக்குளிப்பவர்கள் போய் மெமரி கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். பிறகு அவள் உட்கார்ந்து அந்த மாதத்தைக் கேட்பாள்.

அந்தப் புல்லை மேய வருபவை கடற்பசுக்கள். பார்த்து எண்ணக்கூடிய பிராணி அல்ல. கலங்கல் தண்ணீரில் மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு விடும், அடுத்த நிமிஷம் இருந்த இடம் தெரியாது. ஆனால் கீழே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து சிட்டுக்குருவிக் குரல் வரும். அந்தக் கீச்சுகளை வைத்துத்தான் எத்தனை வந்தன, எப்போது வந்தன, எப்போது போயின என்றெல்லாம் அவள் கணக்கிடுவாள். கணினி சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும். சந்தேகம் வந்தால் அவள் காது தீர்ப்புச் சொல்லும்.

வருஷக்கணக்கில் இப்படி இருந்ததில் அவளுக்குச் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. யாராவது பேசினால் முகத்தைப் பார்க்காமல் தலையைச் சாய்த்துத் தரையைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்திருப்பதை அவர்களுக்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோனில் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றால், "சளி பிடிச்சிருக்கு, ஆவி பிடி" என்பாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வருஷம் ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறி வருவார். "இருட்டுக் குழிக்குள்ள மேலயும் கீழயும் போய்ட்டு வந்தே என் ஆயுசு போச்சு. இனிமேலாவது பக்கவாட்டுல போகணும்" என்பார். முதலில் அதை வேடிக்கை என்றுதான் அவள் நினைத்தாள். ஓய்வுபெற்ற மறுவாரம் அவர் விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள படகுப் பட்டறைக்கு அவளைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு புதிய பாய்மரப் படகின் வெள்ளை ஓடு முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. நீளம் பத்து மீட்டர். இஞ்சின் பொருத்தியிருந்தார்கள். உள்ளே வேறு எதுவும் இல்லை. படுக்கை இல்லை, சமையல் மேடை இல்லை, கழிவறை இல்லை. ஏணி வைத்து உள்ளே இறங்கியதும் அவர் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவள் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். தட்டிய சத்தம் முன்பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"பெரிய காதுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"அப்ப உனக்கேத்த வீடுதான்" என்றார் அவர்.

அந்த ஒன்றரை வருஷம் அவர்களுடைய வாழ்க்கையிலேயே பரபரப்பான காலம். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை அவளுக்கு அலுவலகம். அங்கிருந்து நேரே பஸ் பிடித்து விரிகுடாவைச் சுற்றிப் பட்டறைக்குப் போவாள். அவர் காலையிலேயே போய் ஒட்டுப்பலகை அறுத்துக்கொண்டிருப்பார். அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், பசை கலப்பாள், ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டுவாள். கண்ணாடி நார்த் தூசு தோலில் ஏறி முழங்கை வரை அரிக்கும். கைப்பையில் மெமரி கார்டும் பித்தளைத் திருகாணியும் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் அலுவலக மேலாளர் முன்னால் கார்டு என்று எடுத்துக் கொடுத்தது குளியல் குழாயின் வாஷராக இருந்தது. "இதைக் கேட்டா என்னம்மா வரும்?" என்று அவர் கேட்டார். "தண்ணி வரும் சார்" என்றாள். அலுவலகமே சிரித்தது.

மூன்றாம் மாடி வீடு சுருங்கிக்கொண்டே வந்தது. பீரோ போயிற்று, கட்டில் போயிற்று. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு என்றானது. மகள் ஃபோனில் சண்டை பிடித்தாள். "நான் வந்தா எதுல சாப்பிடுவேன்?" "நீ வர்றப்போ உன் தட்டோட வா" என்றார் அப்பா.

அதே காலத்தில்தான் அலுவலகத்திலும் ஒரு நல்லது நடந்தது. விரிகுடாவில் முப்பதுக்குக் குறைவான கடற்பசுக்களே மிஞ்சியிருந்தன. அவற்றில் சிலவற்றைக் குரலை வைத்தே அவளுக்குத் தெரியும். ஒன்று ஒவ்வொரு கீச்சையும் கடைசியில் கொஞ்சம் நீட்டி, கேள்வி கேட்பதுபோல முடிக்கும். அதற்கு இழுவைக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் இழுவைக்காரியின் குரலுக்கு ஒட்டினாற்போல் இன்னொரு குரல் கேட்டது. மெலிந்து, உயர்ந்து, அவசர அவசரமாக. கன்று. பதினொரு வருஷப் பதிவில் அந்தப் புல்வெளியில் கேட்ட முதல் கன்று. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தக் கன்றைச் சொல்லித்தான் அவள் மேலாளரை விடாமல் நச்சரித்து வேகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர வைத்தாள். புல்வெளிக்கு மேலே மணிக்கு நான்கு கடல்மைலுக்கு மேல் எந்தப் படகும் போகக்கூடாது. துறைமுக வாசலில் பலகை வைத்தார்கள். 'மெதுவாகப் போங்கள், கீழே ஒரு தாய் இருக்கிறாள்' என்ற வாசகத்தை எழுதியவள் அவள்தான். படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

படகைப் பட்டறையிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவரும் நாள் வந்தது. உள்ளே பாதி வேலை பாக்கி, அதைத் துறைமுகத்தில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்பது திட்டம். பாய் இன்னும் கட்டவில்லை, இஞ்சினில்தான் வரவேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர்கள். கழிவறைப் பம்பு ஒழுகியதால் நான்கு மணி ஆகிவிட்டது. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் துறைமுக வாய்க்காலில் தண்ணீர் போதாமல் போய்விடும், அடி தட்டும். புல்வெளியைச் சுற்றிப் போனால் கூடுதலாக முக்கால் மணி நேரம். குறுக்கே போனால் எட்டிவிடலாம்.

சுக்கானைப் பிடித்திருந்தவள் அவள். அவர் கீழே மண்டிபோட்டு எங்கே ஒழுகுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினில் ஒரு தட்டல் இருந்தது. நான்கு துடிப்புக்கு ஒருமுறை 'டடக்' என்று இடறும். பட்டறையில் முதன்முதலாக ஓடவிட்ட நாளிலிருந்தே அது இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நேரமாச்சு. கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவள் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். கருவியில் ஏழு என்று காட்டியது. ஒரேயொரு தடவை என்று நினைத்துக்கொண்டாள். மேற்கே சூரியன் கண்ணைக் கூச வைத்தது. சொந்தப் படகு தன் கைக்கு அடங்கி ஓடுவதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் பின்னால் அவள் மறைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது என்றே சொன்னாள்.

அப்போதுதான் அடியில் ஏதோ தட்டியது. பெரிய அடி இல்லை. நிறைந்த மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு மொத்தல். படகு லேசாகத் தூக்கிப் போட்டது. இஞ்சின் ஒரு கணம் திணறிவிட்டு மறுபடி ஓடியது.

அவர் படியில் தலையை நீட்டினார். "என்ன அது?"

"மரக்கட்டை" என்றாள் அவள்.

திரும்பிப் பார்க்கும் முன்பே சொல்லிவிட்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நுரையும் கலங்கலும்தான் தெரிந்தன. "ஆமா, மழைக்கு ஆத்துலேர்ந்து நெறைய அடிச்சிட்டு வருது" என்று அவரும் சொன்னார். வாய்க்காலுக்குள் நுழைந்து கயிறு கட்டியதும் இருவரும் பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தார்கள்.

நான்காம் நாள் கால்நடை மருத்துவரிடமிருந்து ஃபோன் வந்தது. கரை ஒதுங்கும் பிராணிகளைப் பரிசோதிப்பவள் அந்த மருத்துவர்தான். "அக்கா, தெக்குக் கரையில ஒரு கடற்பசு ஒதுங்கியிருக்கு. பெருசு. பொம்பளை. அளவெடுக்க ஆள் வேணும், வர்றீங்களா?"

அவள் போனாள். டேப்பின் ஒரு முனையை மருத்துவர் பிடிக்க, மறுமுனையை இவள் பிடித்தாள். நீளம், சுற்றளவு, வால் அகலம். முதுகில் வரிசையாக ஐந்து வெட்டுகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. இடது பக்கம் நான்கு விலா எலும்புகள் உள்ளே நொறுங்கியிருந்தன.

"இது மீன்பிடி போட் இல்லக்கா" என்றாள் மருத்துவர். "அதுல தண்ணிக்கடியில சுத்துற காத்தாடி பெருசா இருக்கும். இது சின்னது. அதுவும் மொதல்ல கனமா ஏதோ மோதியிருக்கு, அதுக்கப்புறம்தான் காத்தாடி பட்டிருக்கு. அடியில கட்டை நீட்டிக்கிட்டு இருக்கிற படகு. பாய்மரம் வச்ச உல்லாசப் படகா இருக்கும்."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு, நாலு." மருத்துவர் மடியை அழுத்திப் பார்த்தாள். கையுறையில் வெள்ளையாக ஒட்டியது. "பால் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு."

நாலு நாள் என்று அவள் குறித்துக்கொண்டாள். எழுதிய எண் அவளையே பார்த்தது. இந்த விரிகுடாவில் எத்தனையோ படகுகள் ஓடுகின்றன என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கடைசிப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டினாள். கணவரிடம் ஒரு கடற்பசு செத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். "ஐயோ" என்றார் அவர். நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

மூன்று வாரம் கழித்து முக்குளிப்பவர்கள் கார்டுகளைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் எண் மைக் புல்வெளியின் நடுவில் இருப்பது. அவள் தேதியைத் தேடி, நேரத்தைத் தேடி, மாலை நான்கு ஐம்பதுக்கு நகர்த்தி வைத்தாள்.

முதலில் இழுவைக்காரியின் குரல் கேட்டது. கேள்வி கேட்பதுபோல் ஒரு கீச்சு. உடனே கன்றின் அவசரப் பதில். இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தன, புல்லைப் பிடுங்கும் சரசரப்புகூடத் தெளிவாக விழுந்தது. பிறகு தொலைவில் ஒரு இஞ்சின். நெருங்க நெருங்க அதன் ஓட்டம் பிரிந்து கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, டடக். ஒன்று, இரண்டு, மூன்று, டடக்.

உலகத்தில் வேறு யார் கேட்டிருந்தாலும் அது ஏதோ ஒரு படகு. மொத்தல் சத்தம் தண்ணீருக்கடியில் அவள் நினைத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. இஞ்சின் திணறியது, சமாளித்தது, தன் தட்டலோடு வாய்க்கால் பக்கம் தேய்ந்து போனது.

அதன்பிறகு கன்று கூப்பிட ஆரம்பித்தது.

எல்லாக் கீச்சையும் அட்டவணையில் ஏற்றவேண்டியது அவளுடைய வேலை. ஏற்றினாள். முதல் ஒரு மணி நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு. மறுநாள் காலை அதே இடத்தில் தொண்ணூறு. கன்று எங்கெங்கோ அலைந்துவிட்டு, தாயைக் கடைசியாகப் பார்த்த அந்த மூன்றாம் மைக்குக்கே திரும்பித் திரும்பி வந்தது. ஒவ்வொரு கீச்சுக்குப் பிறகும் பதிலுக்காகக் கொஞ்சம் இடைவெளி விடும். அந்த இடைவெளிதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஆறாம் நாள் பன்னிரண்டு. ஒன்பதாம் நாள் ஒன்று. அதற்கப்புறம் புல்லும் நீரோட்டமும் மட்டும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாளுக்குள்தான் மூன்றாம் மாடி வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் படகில் குடியேறினார்கள். காலி வீட்டைப் பெருக்கிவிட்டு வாசலில் நின்றபோது அவர் கேட்டார், "வருத்தமா இருக்கா?" "இல்ல" என்றாள். போவதற்கு இன்னொரு வீடு இல்லாமல் போய்விட்டது என்பதுதான் அப்போது அவள் மனதில் ஓடியது.

படகில் தண்ணீர்ச் சத்தம் சுவர் வழியாக வரும். துறைமுகத்து இறால்கள் கொடுக்குகளைச் சொடுக்கி, எண்ணெய் பொரிவதுபோல் நாள் முழுக்கப் பொரிந்துகொண்டிருக்கும். அது அவளுக்குப் பழகிய சத்தம். ஆனால் குடிவந்த மூன்றாம் நாள் காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பொரியலுக்கு நடுவே ஒரு கீச்சு கேட்டது. மெலிந்து, உயர்ந்து, பிறகு ஓர் இடைவெளி. அவள் கை நின்றது. இடைவெளி நீண்டது. மறுபடி ஒரு கீச்சு.

கை மைக்கை எடுத்து வந்து தண்ணீரில் இறக்கிக் கேட்டாள். இறால்கள்தான். ஒரு மணி நேரம் பதிவு செய்து அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுநாள் சமையல் மேடையருகே மறுபடி கேட்டது.

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"பம்பா இருக்கும்" என்றார். பம்பை நிறுத்திப் பார்த்தார். "இப்ப?"

"கேக்குது."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று நினைத்தார். பாய் கட்டியாயிற்று, வெள்ளோட்டம் போகலாமா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொல்வாள். இஞ்சினை ஓடவிட்டால் எழுந்து கரைக்குப் போய்விடுவாள். இத்தனை பாடுபட்டுவிட்டு இவளுக்குக் கடலென்றால் பயம் வந்துவிட்டதோ என்று அவர் உள்ளுக்குள் கவலைப்பட்டார். கவலை வந்தால் ஏதாவது ஒன்றைப் பழுது பார்க்கிறவர் அவர்.

பதினோராம் நாள் மதியம் அவள் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவர் கையெல்லாம் கிரீஸோடு படகின் மேல்தளத்தில் நின்றார். முகம் நிறையச் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டேன்! வா, வந்து கேளு."

"என்னத்த?"

"அந்தத் தட்டல். இஞ்சின்ல இல்லவே இல்ல. காத்தாடித் தண்டு போற வழியில ஒரு இணைப்பு லூசு. நாலு நாளா குடைஞ்சு இப்பத்தான் மாட்டுச்சு." உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வழுவழுவென்று, இடறலே இல்லாமல். "கேட்டியா? வெண்ணெய் மாதிரி ஓடுது. உனக்கு அந்தச் சத்தம்தான் தொந்தரவுன்னு எனக்குத் தெரியும். அதான் நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு—"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி அந்தப் படகை யாரும் அடையாளம் சொல்ல முடியாது என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உடம்பு லேசானது. அந்த லேசுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"நிறுத்துங்க" என்றாள்.

பையிலிருந்து கணினியை எடுத்தாள். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். ஓடவிட்டாள்.

அவர் முதலில் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டல் வந்ததும் தலை நிமிர்ந்தது. அவரும் முப்பத்திரண்டு வருஷம் இயந்திரங்களைக் கேட்டவர்தான். மொத்தல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பின் வந்ததை அவள் நிறுத்தப் போனபோது, அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். பத்து நிமிஷம் அப்படியே கேட்டார்.

"மரக்கட்டைன்னு சொன்னேன்" என்றாள் அவள். "பாக்காமலேயே சொன்னேன். எனக்கு அது மரக்கட்டையா இருக்கணும்னு இருந்துச்சு."

"வேகமா போன்னு சொன்னவன் நான்."

"கைப்பிடியத் தள்ளுனது நான்."

அவர் ஹெட்போனைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், "இது உன் காதுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப அந்தச் சத்தமும் இல்ல." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் எழுந்து உள்ளே போனார். இஞ்சின் சாவியை உருவி எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "லிஃப்ட்ல ஒருத்தருக்கு அடிபட்டா மொதல்ல மெயின் சுவிட்ச நிறுத்துவோம். சாவிய ஜேப்புல போட்டுப்போம். பேச்செல்லாம் அப்புறம். எழுது. என்ன நடந்துச்சோ அத எழுது."

மறுநாள் அவள் அறிக்கையை மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் நல்ல மனிதர். படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்மா, இத இப்படியே அனுப்பணுமா? 'அடையாளம் தெரியாத படகு'ன்னு போடுங்களேன்."

"அடையாளம் தெரியுமே சார்."

"நீங்க சொன்னாத்தானே தெரியும்? வேகக் கட்டுப்பாட்டுக்கு அலைஞ்சவங்க நீங்க. அந்தப் பலகைய எழுதினவங்களே நீங்கதான். இது வெளிய போனா படகுக்காரங்க நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. மிச்சம் இருக்கிற உயிருங்களுக்குத்தான் கெடுதல். அத யோசிச்சீங்களா?"

அதை அவள் யோசித்திருந்தாள். பதினொரு நாளும் அதைத்தான் யோசித்தாள். அந்த யோசனை நியாயமாகவும் இருந்தது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு பதினொரு நாள் ஓட்ட முடிந்தது.

"சார், நாளைக்கு வேற ஒருத்தர் மரக்கட்டைன்னு சொல்லுவாரு. அப்ப நான் எந்த வாயால அவரக் கேப்பேன்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. அவளை ஒரு பருவம் முழுக்கக் கணக்கெடுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். துறைமுகக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு படகுக்காரர், "காதுக்காரம்மாவுக்கே காது கேக்கலேன்னா, நாங்கெல்லாம் எம்மாத்திரம்?" என்றார். கூட்டம் சிரித்தது. கட்டுப்பாட்டையே எடுத்துவிட வேண்டும் என்று மனு எழுதினார்கள். அது எட்டு மாதம் இழுத்து, கடைசியில் தள்ளுபடி ஆனது. பலகையில் அவள் எழுதிய வாசகத்துக்குக் கீழே யாரோ பெயிண்டால் 'இருந்தாள்' என்று எழுதிவைத்தார்கள். அழிக்க வேண்டாம் என்று அவளே மேலாளரிடம் கேட்டுக்கொண்டாள். தினமும் அதைக் கடந்துதான் படகுக்குப் போனாள்.

மகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள், சொன்னபடி தட்டோடு. "படகை வித்துடுங்க. என்கூட வந்துடுங்க. இதுக்குள்ள எப்படிம்மா தூங்குறே?" என்று அழுதாள். அம்மா அவள் கொண்டுவந்த தட்டைக் கழுவி அடுக்கினாள். "வித்தா அடுத்தவங்களுக்கு இது என்ன பண்ணுச்சுன்னு தெரியாதுல்ல" என்று மட்டும் சொன்னாள். மகளுக்கு அது புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. அவர் படகின் காற்றாடியைச் சுற்றி, இனி எதையும் அது வெட்டாதபடி, ஓர் இரும்பு வளையம் பொருத்தும் வேலையில் இறங்கினார். அதுபோக, விரிகுடாவுக்குள் இஞ்சினைத் தொடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருப்பது.

கன்று என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் உடல் எங்கும் ஒதுங்கவில்லை. பால் குடிக்கிற கன்று தாயில்லாமல் பிழைக்காது என்றாள் மருத்துவர். சில சமயம் புல்லை மேயப் பழகியிருந்தால் பிழைக்கலாம் என்றும் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தை அன்புக்காகச் சேர்த்தாள் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. விலக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபின் ஒவ்வொரு மாதக் கார்டிலும் முதலில் மூன்றாம் மைக்கைத்தான் அவள் கேட்கிறாள். வேறு குரல்கள் வருகின்றன. அந்தக் குரல் வருவதில்லை.

ஆனால் படகுக்குள் அது வரும். வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இருமுறை. பெரும்பாலும் காலையில், கை ஏதாவது வேலையில் இருக்கும்போது. ஒரு கீச்சு, ஓர் இடைவெளி. அவள் வேலையை நிறுத்திவிட்டு அந்த இடைவெளி முடியும்வரை நிற்பாள். காது மருத்துவரிடம் காட்டியாயிற்று. காதில் ஒரு குறையும் இல்லை என்றார். அது குறையாக இருந்தால் தேவலையே என்று அவளுக்குத் தோன்றியது. கணவர் பம்பு என்று சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்று. அவள் நின்றால் அவரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்கிறதா என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சென்ற மாதம் ஒருநாள் வடகரையிலிருந்து திரும்பும் வழியில், புல்வெளிக்கு வெளியே, காற்று அடியோடு விழுந்துவிட்டது. பாய் துவைத்த துணிபோல் தொங்கியது. நங்கூரம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். துறைமுகம் கண்ணுக்கெதிரே இருந்தது, இஞ்சின் போட்டால் அரை மணி நேரம். காலை பத்து மணிக்கு நின்றவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கும் அங்கேயே நின்றார்கள். அவர் பாயின் கிழிந்த ஓரத்தைத் தைத்தார். அவள் கை மைக்கை இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே இரண்டோ மூன்றோ மேய்ந்துகொண்டிருந்தன. புதிய குரல்கள். அவற்றுக்கு அவள் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

ஒரு மீன்பிடிப் படகு புல்வெளியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வந்தது. ஓட்டியவர் வேகத்தைக் குறைத்துக் கத்தினார்.

"என்ன சார், காலையிலேர்ந்து இங்கயே நிக்கிறீங்க? இஞ்சின் ரிப்பேரா? கயிறு போடட்டுமா?"

"வேணாம்ப்பா" என்று கணவர் கையை ஆட்டினார். "இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்குத்தான் ரிப்பேர்."

மீன்பிடிப் படகுக்காரர் சிரித்துவிட்டுப் போனார். அவருடைய இஞ்சின் சத்தம் தண்ணீருக்கடியில் மறையும்வரை அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் கேட்டாள். மேய்ச்சல் சத்தம் நின்றிருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது. அவள் மூச்சை விட்டாள். ஐந்து மணிக்குக் கிழக்கிலிருந்து லேசாகக் காற்று வந்தது. அவர் நங்கூரத்தை இழுத்தார், அவள் சுக்கானைப் பிடித்தாள். புல்வெளியைச் சுற்றித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர அவர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்தது.